டைப் 1 நீரிழிவு உள்ள ஒன்பது வயது மகளுடன் டிசம்பரில் கனடா போகிறோம்: இன்சுலின், ஊசி நேரம், விமானச் சாப்பாடு எல்லாம் எப்படிச் சமாளிப்பது?

வெள்ளவத்தை அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஒன்பது வயது, போன வருடம் டைப் 1 என்று கண்டுபிடித்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு நாள் முழுக்க வேலை செய்கிற கிளார்ஜின், சாப்பாட்டுக்கு முன்னால் கெதியாக வேலை செய்கிற அஸ்பார்ட், இரண்டும் பேனா ஊசியில் போடுகிற இன்சுலின். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் ஓரளவு பழகிவிட்டது, விரலில் குத்திப் பார்ப்பதை இப்போது அவளே செய்கிறாள், நான் பக்கத்தில் நின்றால் போதும்.

டிசம்பரில் என் தங்கச்சிக்கு ரொறன்ரோவில் கல்யாணம். மூன்று கிழமை நிற்பதாக இருக்கிறோம். டுபாயில் இறங்கி ஏற வேண்டும், அங்கே காத்திருப்பதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் பயணம். இதுவரை இவளை யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனதுதான், விமானம் இதுதான் முதல் தடவை. வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். மாமி சொல்கிறார், சீனி வருத்தம் உள்ள பிள்ளையை அந்தக் குளிருக்குள் இழுத்துக்கொண்டு போகாமல் தன்னிடம் விட்டுவிட்டுப் போகட்டாம். பிள்ளை அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சித்தியின் கல்யாணத்துக்குப் போட பாவாடை தாவணி தைக்கக் கொடுத்தாயிற்று, இனி எப்படி விட்டுவிட்டுப் போவது?

என்னுடைய கேள்விகள் இவைதான். இன்சுலினைக் குளிரில் வைத்துக் கொண்டுபோக வேண்டுமா, விமானத்தில் ஃபிரிட்ஜில் வைத்துத் தருவார்களா? ஊசிகளை உள்ளே கொண்டுபோக விடுவார்களா? அங்கே இரவு என்றால் இங்கே பகல், அப்போது இரவு ஒன்பது மணி ஊசியை எப்போது போடுவது? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். டொக்டரிடம் அடுத்த மாதம் கிளினிக் இருக்கிறது, அதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்துகொண்டு போக வேண்டும்.

பம்பலப்பிட்டி சித்தப்பா

இதற்கெல்லாம் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை தங்கச்சி. நான் லண்டன் போகும்போது இன்சுலினை ரெஜிஃபோம் பெட்டியில் ஐஸ் கட்டி போட்டு சூட்கேசுக்குள் வைத்துத்தான் அனுப்பினேன். கையில் வைத்திருந்தால் செக்யூரிட்டியில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அப்படி அனுப்பினால் நிம்மதி.

தெஹிவளை நேர்ஸ்

அண்ணா, கோபிக்க வேண்டாம், இதை அப்படியே விட முடியாது. வாசிக்கிற வேறு யாராவது செய்து பார்ப்பார்கள். இன்சுலினைச் சூட்கேசில் போடவே கூடாது. சாமான் வைக்கும் கீழ்த்தட்டில் குளிர் எவ்வளவுக்கு இறங்கும் என்று நம் கையில் இல்லை, இன்சுலின் உறைந்தால் அது முடிந்த கதை. திரும்ப உருகிய பிறகு பார்க்க முன்னே இருந்த மாதிரியே தெளிவாக இருக்கலாம், ஆனால் வேலை செய்யும் என்று நம்ப முடியாது, எறியத்தான் வேண்டும். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. இதெல்லாம் போக, சூட்கேஸ் வராமல் போனால் என்ன செய்வது? டுபாயில் நிற்கிறீர்கள், பெட்டி கொழும்பிலேயே நிற்கிறது. பெரியவர்களுக்கு டைப் 2 என்றால் ஒரு நாள் எப்படியாவது ஓட்டலாம், உடம்பே இன்சுலின் சுரக்காத டைப் 1 பிள்ளைக்கு ஒரு நாள் இன்சுலின் இல்லாமல் போனால் நேரே ஐ.சி.யு.தான்.

வெள்ளவத்தைத் தங்கச்சிக்கு: நான் சிறுவர் வார்டில் கனகாலம் வேலை செய்தவள், இப்போது ஓய்வு. பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டிய காரணம் நீங்கள் எழுதியதில் ஒன்றும் இல்லை. மாமியிடம் விட்டால் மூன்று கிழமையும் அவர் ஊசி போட்டு, சாப்பாடு கணக்குப் பார்த்து, இரவு எழும்பிச் சீனி பார்க்க வேண்டும், அதை அவரிடம் கேட்டுப் பாருங்கள், தானாகவே மனம் மாறுவார்.

சாமான் எடுக்கும் கணக்கு இதுதான்: மூன்று கிழமைக்கு எவ்வளவு தேவையோ அதைப் போல இரண்டு மடங்கு. இன்சுலின், பேனா ஊசி முனைகள், சீனி பார்க்கிற ஸ்ட்ரிப், விரலில் குத்துகிற லான்செட், எல்லாமே. பேனா ஒன்று உடைந்தால் என்ன செய்வது என்று யோசித்து இரண்டு மூன்று சிரிஞ்சும் போடுங்கள். மீற்றர் இரண்டு, பட்டறி வேறாக. எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்காமல் பாதி உங்கள் கைப்பையில், பாதி கணவரின் கைப்பையில். ஒரு பை தொலைந்தாலும் மற்றது இருக்கும்.

குளிர் பற்றி: திறக்காத இன்சுலின் இரண்டிலிருந்து எட்டு பாகை வரை, அதாவது ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு. பாவனையில் உள்ள பேனா முப்பது பாகைக்குக் கீழே என்றால் வெளியில் 28 நாள் தாங்கும், கிளார்ஜினும் அப்படி, அஸ்பார்ட்டும் அப்படி. விமானத்துக்குள் அவ்வளவு சூடு இல்லை, அங்கே ஃபிரிட்ஜ் தேவையே இல்லை. அவர்களிடம் கொடுக்கவும் வேண்டாம். கொடுத்தால் ஐஸுக்குப் பக்கத்தில் வைப்பார்கள், இல்லாவிட்டால் இறங்கும் அவசரத்தில் நீங்களே மறப்பீர்கள். சூடு பிரச்சினை எங்கே என்றால் வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்கா போகும் வான், அதற்குப் பிறகு டுபாய். வெயிலில் நிற்கிற வாகனத்துக்குள் பையை விட்டுவிட்டு யாரும் இறங்கிப் போகாதீர்கள். தண்ணீரில் நனைத்து வைக்கிற குளிர்ப் பைகள் இருக்கின்றன, ஃப்ரியோ என்று ஒன்று. நல்லது. ஆனால் அது ஈரம் ஆவியாகித்தான் குளிர்கிறது, கொழும்பின் புழுக்கத்துக்குள் அது பெரிதாக எடுபடாது, காய்ந்த ஊரில்தான் நன்றாக வேலை செய்யும். ஜெல் பக்கற் என்றால் துவாயில் சுற்றி, இன்சுலின் அதில் நேரே படாமல் வையுங்கள்.

ஊசி கொண்டுபோக விடுவார்கள், தாராளமாக. கடிதம் வேண்டும். கிளினிக்கில் இங்கிலிஷில் எடுங்கள், வைத்தியசாலைத் தலைப்போடு, டொக்டரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள மாதிரியே, ஒரு எழுத்தும் மாறாமல். டைப் 1 நீரிழிவு, இன்சுலின் கிளார்ஜின், இன்சுலின் அஸ்பார்ட் என்று மருந்தின் பொதுப் பெயர், ஊசி முனை, லான்செட், மீற்றர், சீனி இறங்கினால் கொடுக்கிற இனிப்பு, இவை எல்லாம் கையோடு இருக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். கம்பனிப் பெயரை மட்டும் எழுதினால் வேறு நாட்டில் அதே மருந்துக்கு வேறு பெயராக இருக்கும். கிளினிக்கில் தருகிற இன்சுலினில் பெரும்பாலும் பிள்ளையின் பெயர் ஒட்டியிருக்காது, அதனால்தான் இந்தக் கடிதத்தை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். இரண்டு மூலப் பிரதி எடுங்கள், போனிலும் படம் வைத்திருங்கள்.

பம்பலப்பிட்டி சித்தப்பா

சரி நேர்ஸ் பிள்ளை, நான் சொன்னது என் கதை. எனக்கு டைப் 2, குளிசையும் இருக்கிறது. பிள்ளைக்கு நீங்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

மார்க்கம் போய்வந்தவள்

வணக்கம் அக்கா. நானும் கொழும்புதான், கொட்டாஞ்சேனை. மகனுக்கு இப்போது பதின்மூன்று, ஐந்து வயதிலிருந்து டைப் 1. அண்ணா குடும்பம் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்கிற நகரத்தில் இருப்பதால் போய் வந்திருக்கிறோம், அதுவும் ஜனவரிக் குளிரில்.

நேரக் கணக்கில் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. குளிர் காலத்தில் ரொறன்ரோ நம்மைவிடப் பத்தரை மணித்தியாலம் பின்னால். இங்கே இரவு ஒன்பது என்றால் அங்கே காலை பத்தரை. எங்கள் டொக்டர் சொன்னது, மூன்று கிழமைக்காக இதை மாற்றவே வேண்டாம், கொழும்பு நேரப்படியே போடுங்கள், அங்கே அது காலை பத்தரை ஊசி ஆகிவிடும், அவ்வளவுதான் என்று. திரும்பி வந்ததும் பழையபடி இரவு ஒன்பது. என் கையில் கொழும்பு நேரம் காட்டுகிற பழைய மணிக்கூடு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன், நீண்ட ஊசி, அதாவது கிளார்ஜின், அந்த மணிக்கூட்டின் படி. போன் தானாகவே நேரத்தை மாற்றிவிடும், அதைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் இது உங்கள் பிள்ளைக்குச் சரிவருமா என்று உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும், சிலருக்கு அளவைக் கொஞ்சம் மாற்றித் தருவார்கள். கிளினிக்கில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வாயால் கேட்டுவிட்டு வராமல், ஒரு தாளில் நேரமும் அளவும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அஸ்பார்ட் சாப்பாட்டோடு போகிற ஊசி, அதற்கு ஊர் நேரம் ஒரு பொருட்டல்ல. சாப்பிட்டால் ஊசி. கவனிக்க வேண்டியது இடைவெளி. விமானத்தில் அவர்கள் நினைத்த நேரத்துக்குச் சாப்பாடு தருவார்கள், இரண்டு சாப்பாடும் கிட்டக் கிட்ட வரலாம், முன்னே போட்ட ஊசி இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும், அதற்கு மேல் கூடிய சீனியை இறக்குவதற்கான திருத்த ஊசியும் போட்டால் பிறகு சடாரென்று இறங்கும். ஒவ்வொரு ஊசியையும் எழுதி வையுங்கள், தூக்கக் கலக்கத்தில் நீங்கள் போட்டீர்களா கணவர் போட்டாரா என்பது நிச்சயமாக மறக்கும்.

இன்னொன்று, தட்டு முன்னால் வந்து மூடியைத் திறந்த பிறகுதான் ஊசி. வீட்டில் கால் மணித்தியாலம் முன்னே போட்டுப் பழகியிருப்பீர்கள். அங்கே அப்படிச் செய்ய வேண்டாம். எங்களுக்கு நடந்தது இதுதான்: வண்டி மூன்று வரிசை முன்னால் நிற்கிறது, சாப்பாட்டு வாசம் வருகிறது, அந்த நேரம் விமானம் குலுங்கத் தொடங்கி, எல்லோரும் பெல்ட் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வர முக்கால் மணித்தியாலம். ஊசியை முன்னே போட்டிருந்தால் அந்த முக்கால் மணித்தியாலமும் நான் டொபி ஊட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

ரிக்கற் எடுக்கும்போது நீரிழிவுச் சாப்பாடு என்று ஒன்றை ஓடர் பண்ணச் சொல்வார்கள். நான் எடுப்பதில்லை. மாச்சத்து மிகக் குறைவாகத் தருவார்கள், பிள்ளைக்குப் போதாது, சுவையும் இல்லை. சாதாரணப் பிள்ளைச் சாப்பாட்டை எடுத்து, சோறு இவ்வளவு, பணிஸ் ஒன்று, இனிப்பை விடுவதா சாப்பிடுவதா என்று கணக்குப் பார்த்து ஊசி போட்டால் சரி. எப்படியும் கையில் நம் சாப்பாடு இருக்க வேண்டும், பிஸ்கற், சான்ட்விச், கடலை.

ஹேகித்த அப்பா

நான் ரொறன்ரோ போகவில்லை, எங்கள் பயணமெல்லாம் சென்னை, திருச்செந்தூர், வேளாங்கண்ணி என்று. மகளுக்கு டைப் 1. இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் மணிக்கூட்டுப் பிரச்சினை இல்லை, ஒன்றேகால் மணித்தியாலத்தில் இறங்கிவிடலாம். ஆனால் கொழும்பிலிருந்து டைப் 1 பிள்ளைகளோடு கனபேர் போவது அங்கேதான், ஆகவே கேள்விக்குப் பக்கத்தில் உள்ள ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் குப்பி இன்சுலின் ஒரு மில்லிலீற்றருக்கு 100 யுனிட். இந்தியாவில் கடைகளில் கிடைக்கிற குப்பிகளில் பல இன்னும் 40 யுனிட். அதற்கான சிரிஞ்ச் வேறு, மூடி சிவப்பு. 100 யுனிட் சிரிஞ்சுக்கு மூடி செம்மஞ்சள். நம்முடைய 100 யுனிட் இன்சுலினை அங்கே வாங்கிய சிவப்பு மூடிச் சிரிஞ்சில் பத்தாவது கோடு வரை இழுத்தால் உள்ளே போவது பத்து இல்லை, இருபத்தைந்து யுனிட். பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. மறுபக்கமாக, அங்கே வாங்கிய 40 யுனிட் இன்சுலினை நம் சிரிஞ்சில் இழுத்தால் பத்துக்கு நாலு யுனிட்தான் போகும், சீனி ஏறிக்கொண்டே போகும், காரணம் தெரியாது. ஊர் விட்டு ஊர் போய் வாங்க நேர்ந்தால் குப்பியின் லேபிளில் எண்ணைப் பாருங்கள், சிரிஞ்ச் அதற்குப் பொருத்தமா பாருங்கள். பேனாவில் போடுகிற கார்ட்ரிஜ் அங்கேயும் 100தான், பேனா பாவிப்பவர்களுக்கு இந்தத் தலையிடி குறைவு. ஆனாலும் பேனா உடைந்து அவசரத்துக்கு சிரிஞ்ச் வாங்கப் போகும்போதுதானே இது நடக்கும். நேர்ஸ் அக்கா சொன்ன மாதிரி இங்கேயிருந்தே சிரிஞ்சும் எடுத்துப் போங்கள்.

வெள்ளவத்தை அம்மா

இவ்வளவு விளக்கமாகச் சொல்வீர்கள் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. காலை பத்தரை விஷயத்தை மகளிடம் சொன்னேன், "அப்போ இரவு நித்திரையில் எழுப்பி ஊசி போட மாட்டீங்கள்தானே" என்று கேட்டாள்.

இன்னும் சில சந்தேகம். கையில் ஒட்டி வைத்துச் சீனி பார்க்கிற சென்சர் ஒன்று வாங்கிப் போடலாமா என்று யோசிக்கிறோம், விலைதான் யோசனை, பயணத்துக்கு மட்டும் என்றால் எடுக்கலாம். அதை ஸ்கேனுக்குள் கொண்டுபோகலாமா? அடுத்தது, இவளுக்கு வாகனத்தில் வாந்தி வரும், விமானத்தில் வாந்தி வந்தால் ஊசியை நிறுத்துவதா? கடைசியாக இன்சூரன்ஸ். விசாரித்த ஒரு முகவர், நீரிழிவு என்று போர்மில் எழுத வேண்டாம், எழுதினால் காசு கூடும் என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

தெஹிவளை நேர்ஸ்

இன்சூரன்ஸை முதலில் சொல்கிறேன். எழுதாமல் விட்டால் காசு மிச்சம், ஆனால் அங்கே ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்தால் பழைய வருத்தத்தை மறைத்தீர்கள் என்று ஒரு சதமும் தராமல் விடலாம். கனடாவில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு அரசாங்கக் காப்புறுதி கிடையாது, பில் முழுக்க நீங்கள்தான். அந்த முகவரை விட்டுவிட்டு, ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்கும் காப்பு உண்டு என்று எழுத்தில் இருக்கிற பொலிசியை எடுங்கள். சின்ன எழுத்தில் நிபந்தனை இருக்கும், கடைசி மாதங்களில் மருந்து அளவு மாறியிருந்தால் காப்பு இல்லை என்றும் சில பொலிசியில் போட்டிருப்பார்கள். இன்சுலின் அளவு பிள்ளைகளுக்கு மாறிக்கொண்டேதான் இருக்கும். அதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வாந்தி. இதை நன்றாக மனதில் வையுங்கள், கணவருக்கும் சொல்லுங்கள்: நீண்ட ஊசியை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை என்றாலும் கிளார்ஜின் வேண்டும். சாப்பாட்டு ஊசிதான் சாப்பாட்டைப் பொறுத்தது. வாந்தி வந்தால் சீனியைப் பாருங்கள். இறங்கியிருந்தால் சீனித்தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. 250க்கு மேல் என்றால் சிறுநீரில் கீட்டோன், அதாவது இன்சுலின் போதாதபோது உடம்பில் சேர்கிற அமிலம், இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கான ஸ்ட்ரிப் கொழும்பில் பார்மசிகளில் கிடைக்கும். டைப் 1 பிள்ளைக்கு வாந்தி என்றவுடனே வாகன மயக்கம் என்று நினைத்துவிட வேண்டாம், கீட்டோன் ஏறினாலும் வாந்தி வரும். சீனியும் கூட, கீட்டோனும் கூட, வாந்தியும் நிற்கவில்லை என்றால் டுபாயிலோ ரொறன்ரோவிலோ இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள். வாகன மயக்கத்துக்கான மருந்து ஏதாவது கொடுக்கலாமா என்று டொக்டரிடம் இப்போதே கேட்டு வாங்கி வைப்பது நல்லது.

சீனி 70க்குக் கீழே இறங்கினால் என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரியும், உடனே கரைகிற சீனி 15 கிராம் வரையில், கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பார்ப்பது. சின்னப் பிள்ளைக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் போதும், உங்கள் கிளினிக் சொன்ன அளவை எடுங்கள். பயணத்துக்குக் குளுக்கோஸ் வில்லை நல்லது. ஜூஸ் பக்கற்றும் மருத்துவத் தேவை என்று கடிதத்தைக் காட்டினால் விடுவார்கள், ஆனால் ஒவ்வொரு ஊர் செக்யூரிட்டியிலும் அந்த வாக்குவாதத்துக்கு ஏன் நிற்க வேண்டும். வில்லை உங்கள் பைக்குள் மேலே அலுமாரியில் இருந்தால் பிரயோசனம் இல்லை, பிள்ளையின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். சீட்டில் அசையாமல் இருக்கும்போது கொஞ்சம் ஏறித்தான் நிற்கும், அதைப் பார்த்துப் பதறி ஊசி கூட்டாதீர்கள். டுபாய் விமான நிலையத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கும்போதுதான் இறங்கும்.

பேனாவில் ஊசி முனையைப் பூட்டியபடி விடாதீர்கள். அழுத்தம் மாறும்போது காற்று உள்ளே போய்க் குமிழி வரும். ஒவ்வொரு தடவையும் புது முனை, இரண்டு யுனிட் வெளியே தள்ளிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பாவித்த முனைகளைப் போட மூடி இறுக்கமான தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்று.

மார்க்கம் போய்வந்தவள்

சென்சருக்கு நான் சொல்கிறேன். லிப்ரே என்றால் ஒன்று பதினாலு நாள், உங்கள் மூன்று கிழமைக்கு இரண்டு வேண்டும், கழன்று விழுந்தால் என்று மூன்றாவது. உலோகம் இருக்கிறதா என்று பார்க்கிற சாதாரண வாசல் சட்டத்துக்குள் நடந்து போகலாம். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற முழு உடல் ஸ்கேனுக்கும், புதுச் சென்சர்களைப் பை போகிற எக்ஸ்ரேக்குள் விடுவதற்கும் உங்கள் மாடலின் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், மாடலுக்கு மாடல் மாறும். நாங்கள் முன்னமே சொல்லிவிடுவோம், பிள்ளையின் கையில் மருத்துவக் கருவி இருக்கிறது, கையால் சோதியுங்கள் என்று. கேட்டால் செய்வார்கள், கொஞ்சம் நேரம் எடுக்கும், அதற்கேற்ற மாதிரிக் கொஞ்சம் முன்னதாகப் போங்கள். இன்சுலின் எக்ஸ்ரேக்குள் போவதால் ஒன்றும் ஆகாது. இன்சுலின் பம்ப் பாவிப்பவர்கள் வாசித்தால், பம்பை எக்ஸ்ரேக்குள்ளும் விட வேண்டாம், முழு உடல் ஸ்கேனுக்குள்ளும் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.

வாங்குவதென்றால் பயணத்துக்கு முதல் நாள் ஒட்டாமல் ஒரு கிழமை முன்னமே ஒன்றை ஒட்டிப் பழகுங்கள். சென்சர் காட்டுவது இரத்தத்தைவிடச் சில நிமிடம் பிந்தியது, வேகமாக இறங்கும்போது பிள்ளை நடுங்குகிறாள், சென்சர் 95 என்கிறது என்றால் விரலைக் குத்துங்கள். ஆனால் பதினாலு மணித்தியால இருட்டில் நித்திரை கொள்கிற பிள்ளையை எழுப்பாமல் போனை வைத்துப் பார்க்கிற சுகத்துக்கு அந்தக் காசு தகும். சென்சர் இல்லாவிட்டால் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அலாரம் வையுங்கள். அங்கே போன முதல் சில இரவுகளும் விடியப்புறம் இரண்டு மூன்று மணிக்குப் பாருங்கள், உடம்பு புது நேரத்துக்கு மாறும்வரை சீனி சொன்னபடி கேட்காது.

கனடாவில் மீற்றர் வேறு கணக்கு. நாம் 100, 180 என்கிறோம், அங்கே 5.6, 10. பதினெட்டால் பெருக்கினால் நம் எண் வரும். அண்ணாவின் மாமனார் தன் மீற்றரில் மகனுக்குப் பார்த்து 6.1 என்று சொல்ல, பக்கத்தில் நின்ற என் அம்மா ஆறாம், பிள்ளைக்கு ஆறாம் என்று கத்திக்கொண்டு சீனி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அது 110. சிரிப்பாகச் சொல்கிறேன், ஆனால் ஆஸ்பத்திரியில் பேசும்போது இந்தக் குழப்பம் நல்லதல்ல. 4, 5.6, 10, 14 இந்த நாலுக்கும் நம் எண் 72, 100, 180, 250 என்று ஒரு துண்டில் எழுதித் தங்கச்சி வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

குளிர் பற்றி மாமிக்குச் சொல்லுங்கள், பிள்ளைக்குக் குளிரால் ஆபத்து குறைவு, இன்சுலினுக்குத்தான் ஆபத்து. வெளியே போகும்போது பேனாவும் மீற்றரும் ஜாக்கெற்றின் உள்பையில், உடம்புச் சூட்டில். கைப்பையில் வைத்துக் காருக்குள் விட்டுவிட்டு மோலுக்குள் போனால் உறைந்துவிடும். மீற்றரும் குளிர்ந்தால் எண் காட்டாமல் எரர் காட்டும், கொஞ்ச நேரம் கைக்குள் பொத்தி வைத்தால் வேலை செய்யும். வீட்டு ஃபிரிட்ஜிலும் பின் சுவரோடு ஒட்டி வைக்காமல் கதவுத் தட்டில் வையுங்கள். ஏதாவது கெட்டுப் போனாலும் பதற வேண்டாம், கனடாவில் இன்சுலினை மருந்துச்சீட்டு இல்லாமலே பார்மசியில் கேட்டு வாங்கலாம், விலை மட்டும் கூட. லண்டன் போகிறவர்கள் அப்படி நினைக்க வேண்டாம், அங்கே சீட்டு வேண்டும்.

கல்யாண நாளுக்கு ஒரு வார்த்தை. ஹோல் எடுத்துச் செய்கிற நம் கல்யாணங்களில் சாப்பாடு போட்ட நேரத்துக்கு வராது, ஏழு என்று கார்ட்டில் இருந்தால் ஒன்பதரை. அதற்கிடையில் பிள்ளைகள் எல்லாம் மேடைக்கு முன்னால் ஆடி ஓடிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே இடியப்பமோ பாணோ கொடுத்து ஊசியும் போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கே சாப்பாடு வரும்போது கொஞ்சம் சாப்பிட்டால் அதற்குச் சின்ன ஊசி. கேக்கும் சாப்பிடட்டும், கணக்கில் எடுத்தால் போதும். பாவாடை தாவணியில் பை இருக்காது, குளுக்கோஸ் வில்லையைப் போட இடுப்பில் ஒரு சின்னப் பை தைக்கச் சொல்லுங்கள், தையல்காரரிடம் துணி இன்னும் இருக்கும்தானே.

ஹேகித்த அப்பா

கடிதத்துக்கு ஒரு விஷயம். கிளினிக் நாளில் கூட்டம், டொக்டருக்கு நின்று எழுத நேரம் இருக்காது. நேர்ஸ் அக்கா மேலே சொன்னதை எல்லாம் இங்கிலிஷில் ரைப் பண்ணி, பாஸ்போர்ட் இலக்கமும் போட்டு, திருத்தக்கூடிய மாதிரி கொண்டுபோய்க் கொடுங்கள். பார்த்துத் திருத்தித் தலைப்புத் தாளில் எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். முத்திரை குத்துகிற ஆள் சில நாள் பின்னேரம் இருக்க மாட்டார், காலையிலேயே போங்கள்.

வெள்ளவத்தை அம்மா

தையல்காரரிடம் இப்போதுதான் போன் பண்ணினேன், பை வைத்துத் தருகிறாராம், கூலி கேட்கவில்லை. கடிதத்தை இன்று இரவு ரைப் பண்ணுகிறேன். நேர்ஸ் அக்கா, ரைப் பண்ணியதை உங்களுக்கு அனுப்பினால் ஒருக்கால் பார்த்துச் சொல்வீர்களா?

தெஹிவளை நேர்ஸ்

அனுப்புங்கள் தங்கச்சி, பார்க்கிறேன். பிள்ளையின் பெயரையும் பாஸ்போர்ட் இலக்கத்தையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். குளிர்காலம் என்பதால் ஃபுளூ ஊசியைப் பற்றியும் அதே கிளினிக்கில் கேளுங்கள், போட்டால் பயணத்துக்கு இரண்டு கிழமையாவது முன்னால் போட்டிருக்க வேண்டும்.